நமணசமுத்திரத்துக் குதிரைகளும் பன்னிரண்டு வில்லைப் பெட்டியும்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம் அய்யனார் கோயில் வரும். சந்நிதிக்குப் போகும் வழியில் இருபுறமும் மண்குதிரைகள் அணிவகுத்து நிற்கும். சில முழுசாக, சில தலையில்லாமல், சில நாலு கால் மட்டும். படம் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு ஐந்து நிமிடம் போதும். உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைய நினைப்பவருக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கையிலிருக்கும் சாமான்களில் எது தாங்கும், எது காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்புரை.

பயணத்தில் வரைவதற்கான பெட்டிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி குளிர்தேசத்தில் எழுதப்பட்டது. பூசிய வண்ணம் காயமாட்டேன் என்கிறதே என்பது அவர்கள் கவலை. பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறதே என்பது நம் கவலை. ஆகவே அவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்ட பொருளை அப்படியே நம்பி வாங்க முடியாது.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று: வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் ஸ்கெச்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ், பென்டல் அக்வாஷ் வாட்டர் பிரஷ், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளில் ஒரு ஏ5 நோட்டு. கூடவே ஒரு கறுப்புப் பேனா. களம், புதுக்கோட்டை – திருமயம் – கானாடுகாத்தான் – காரைக்குடி வழியும், ஆலங்குடிப் பக்கம் குளமங்கலமும். முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்: பெட்டி நல்ல பெட்டி, ஆனால் சில வில்லைகளை, அதாவது குட்டிக் கிண்ணங்களில் இருக்கும் காய்ந்த வண்ணக் கட்டிகளை, மாற்ற வேண்டும். வாட்டர் பிரஷ் பாதி வேலைக்குத்தான் ஆகும். காசைக் கொட்ட வேண்டிய இடம் தாள்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். 1832-ல் லண்டனில் தொடங்கிய கம்பெனி. காட்மன் என்பது அவர்களுடைய மாணவர் தர வரிசை. வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிக்குள் 12 அரை வில்லைகள் (முழு வில்லையில் பாதி அளவு), ஒரு குட்டி பிரஷ், மூடியே கலவைத் தட்டு. சட்டைப் பையில் போகாது, ஜீன்ஸ் பின் பையில் போகும். நிறத்தின் பெயரோடு 'ஹியூ' என்று இருந்தால், அசல் நிறமிக்குப் பதிலாக விலை குறைந்த வேறொன்று போட்டிருக்கிறார்கள் என்று பொருள். நோட்டில் வரைவதற்கு அது குறையே அல்ல.

புதுப் பெட்டியில் முதல் தொல்லை கலவைத் தட்டு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் தண்ணீர் பரவாது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக ஓடும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கண்ணுக்குப் பிடிபடாது. பல் துலக்கும் பேஸ்ட்டைத் தடவி, பழைய பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பு லேசாகச் சொரசொரத்துவிடும். வில்லைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட் நிறத்தில் கலந்து வெளுக்கும்.

அடுத்து வில்லைகள். இந்த வழியில் முதலில் தீர்வது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. காரணம் எளிது: சுட்ட மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, பர்ன்ட் சியன்னாவின் நிறமியும் இரும்பு ஆக்சைடுதான். குதிரையும் வில்லையும் ஒரே சரக்கு. சாலையோரத்துச் செம்மண், செம்புறாங்கல் வெட்டிய குழி, ஓட்டுக் கூரை எல்லாமே இந்தக் குடும்பம். எனவே பெட்டியில் இருக்கும் சைனீஸ் வொயிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பர்ன்ட் சியன்னாவை வைப்பது புத்திசாலித்தனம். இந்த வெள்ளை ஒன்றையும் மறைக்காது, கலந்தால் நிறத்தைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஆக்கும். வெள்ளை கட்டாயம் வேண்டுமென்றால் வெள்ளை குவாஷ் (அடியிலிருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) ட்யூப் ஒன்றைத் தனியாகக் கொண்டுபோகலாம். இரண்டு மஞ்சளில் ஒன்றை எடுத்துவிட்டு இந்தியன் ரெட் வைத்தால் காவிப் பட்டை, பழைய செங்கல் இரண்டுக்கும் ஆகும். விரிடியன் என்ற நீலச்சாயல் பச்சையைக் கண்டால் பலருக்கும் தூக்கிப்போடத் தோன்றும். போட வேண்டாம், தரைக்கல்லுக்குப் பெயர்போன ஆத்தங்குடியில் கைகொடுக்கும்.

மாற்று வில்லை தனியாகக் கிடைக்காவிட்டால் காலி அரை வில்லை வாங்கி, ட்யூப் வண்ணத்தால் நிரப்பலாம். 5 மி.லி. ட்யூப்பில் இரண்டு அரை வில்லை நிரம்பும். ஒரே மூச்சில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, பிறகு நடுவில் பள்ளம் விழுந்து வெடிக்கும். மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு, காற்றுக்குமிழி போகப் பல்குச்சியால் கிளறி நிரப்ப வேண்டும். சில கம்பெனிகளின் ட்யூப் வண்ணம் ட்யூப்பிலிருந்து நேராகப் பூசுவதற்காகச் செய்தது. காய்ந்தால் கல்லாகிவிடும், பிரஷ்ஷுக்கு எழுந்து வராது. நிரப்பும்போதே அரை வில்லைக்கு ஒரு சொட்டு கிளிசரின் கலந்தால் இது தீரும். இரண்டு சொட்டு போட்டால் என்றைக்கும் பிசுபிசுவென்று இருக்கும். கிளிசரினுக்குப் பதில் தேன் விடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கோயில் காட்டில் மரத்தடியில் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் வைத்தால் எறும்பு அதற்குப் பதில் சொல்லும்.

சித்திரை, வைகாசியில் நிறுத்திவைத்த காருக்குள் பெட்டியை விடக் கூடாது. ஈரம் முழுக்கப் போய் வில்லை சுருங்கி, பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து கழன்று, மூடியைத் திறந்ததும் மண்ணில் உருளும். ஏற்கெனவே சுருங்கியிருந்தால் வில்லையை எடுத்து, கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இனி வாட்டர் பிரஷ். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர், நுனியில் நைலான் மயிர். டம்ளர் வேண்டாம், தண்ணீர் கொட்டாது, பேருந்தில் மடியில் வைத்துக்கூட வேலை செய்யலாம். நுணுக்கமான இடங்களுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய பரப்பில் நிறம் இழுக்கும்போது கையை விரித்துவிடும். நைலான் மயிர் அதிக நிறத்தைப் பிடித்து வைக்காது. பாதி வழியில் நிறம் தீர்ந்து, உள்ளிருந்து வெறும் தண்ணீர் இறங்கும். மேலே அடர்த்தி, கீழே வெளுப்பு, நடுவில் ஒரு கோடு. குளிரில் இதை ஈரமாக இருக்கும்போதே திருத்தலாம். நம் வெயிலில் திருத்தப் போனால் காய்ந்த ஓரம் கரைந்து, காலிஃபிளவர் போலப் பூத்துப்போகும்.

இன்னொரு சிக்கல் சூடு. கைப்பிடியில் பாதித் தண்ணீர், பாதிக் காற்று இருந்தால் வெயிலில் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். மூடியைக் கழற்றியதும் தாளில் 'சொட்'. பழுது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். பழுதில்லை. கழுத்துவரை நிரப்பி வைத்தால் தள்ளக் காற்று இருக்காது. திறந்ததும் முதல் சொட்டைத் துணியில் ஒற்றிவிட்டுத் தாளுக்குப் போவது வழக்கமாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றக் கூடாது. உப்பு படிந்து நுனி அடைத்துக்கொள்ளும். குடிக்கும் கேன் தண்ணீரே போதும்.

ஆகவே கூட ஒரு 8-ம் நம்பர் வட்ட பிரஷ் அவசியம். அணில் மயிரோ, அதன் செயற்கை மாற்றோ எதுவானாலும் சரி, வயிறு பருத்து நிறையத் தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பெட்டியோடு வரும் குட்டி பிரஷ் குதிரைக் கழுத்து மணிக்கு ஆகும், வேறெதற்கும் ஆகாது.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரக்கூழ்த் தாளும் பருத்தித் தாளும் கடையில் பார்க்க ஒன்றுபோல இருக்கும், 300 ஜிஎஸ்எம் என்று இரண்டிலும் அச்சிட்டிருக்கும். கூழ்த் தாளில் ஈரம் மேலேயே நின்று சட்டென்று காயும். நூறு சதம் பருத்தித் தாள் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்து மெதுவாக விடும். புதுக்கோட்டைக் காலை ஒன்பது மணிக்கு அந்த ஒன்றிரண்டு நிமிட வித்தியாசம்தான் வானம் ஒரே சீராக வருமா, பட்டை பட்டையாக வருமா என்பதை முடிவு செய்கிறது. முழு நோட்டும் பருத்தியில் வாங்க விலை இடித்தால், பெரிய பருத்தித் தாள் ஒன்றை வாங்கி ஏ5 அளவுக்குக் கிழித்து, கெட்டி அட்டையில் நாலு ஓரமும் பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளலாம். டேப்பை வெயிலிலேயே பிய்க்காதீர்கள். சூட்டில் பசை இளகித் தாளின் தோலோடு வரும். நிழலுக்கு வந்து, தாளை ஒட்டினாற்போலத் தாழ்வாக இழுத்து எடுக்க வேண்டும்.

தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் கலந்து காய்வதைத் தாமதப்படுத்தும் உத்தி உண்மையில் பலிக்கும். 100 மி.லி.க்கு மூன்று சொட்டு. அதைத் தாண்டினால் படம் முழுக்கக் காயாமல் ஒட்டும், நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் குதிரைக்கு இரட்டை பிறக்கும்.

இவ்வளவு சாமானும் எதற்கு என்றால் குதிரைக்கு. அதை எப்படி வரைவது என்பதற்கு நல்ல வழிகாட்டி, அதைச் செய்கிற வேளார்கள்தான். அய்யனாருக்கு மண்குதிரை செய்து படைக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன் ஊரார் பிடிமண் (ஒரு பிடி மண்) கொடுத்து வேலையை ஒப்படைப்பார்கள். களிமண்ணில் மணலும் உமியோ வைக்கோலோ சேர்த்துப் பிசைந்து, முதலில் நாலு கால்களை உருளையாக எழுப்புவார்கள். அதன்மேல் வயிறு, பிறகு கழுத்து, தலை. மணி, சலங்கை, சேணம் எல்லாம் தனி மண்ணில் செய்து ஒட்டுவது. உள்ளே கூடு. சுடும்போது ஆவி போக உடம்பில் துளை விடுவார்கள்.

பென்சிலிலும் இதே வரிசைதான் வேலை செய்யும். நாலு தூண், மேலே படுத்த பீப்பாய், நிமிர்ந்த கழுத்து, கடைசியில் முகம். நிஜக் குதிரையின் முழங்காலையும் கணுக்காலையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரைகிறவர்கள் கால்களை வளைத்துவிடுகிறார்கள். மண்குதிரைக்கு முழங்கால் இல்லை, எடை நேராக இறங்க வேண்டும், வளைந்தால் சூளைக்குப் போகுமுன்னே உட்கார்ந்துவிடும். தூணாக வரைந்தால் அந்தக் கம்பீரம் தானாக வரும். உடைந்த குதிரையை ஒதுக்கவும் வேண்டாம். உள்கூடு தெரியும் கழுத்து, சுவரின் கனம், விரலால் அழுத்தி இணைத்த தடம், எல்லாம் அதில்தான் தெரியும். உடைந்ததைச் சரிசெய்து வைக்கும் வழக்கம் இல்லை, அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும். அதனால்தான் ஒரே வரிசையில் பத்து வயதுச் சிவப்பும் பழங்காலக் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

நிறக்கலவை: புதுக் குதிரைக்குப் பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். மழையில் நனைந்து பாசி காய்ந்த கறுப்புக்கு அல்ட்ராமரீன் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னாவும் ஏறக்குறையச் சரிபாதி. கடைக் கறுப்பைத் தொட்டால் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். சுண்ணாம்பு பூசிய மிச்சத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவிட வேண்டும். பலரும் தவறவிடுவது வயிற்றின் அடிப்பக்கம். அது நிழல்தான், ஆனால் தரையிலுள்ள செம்மண்ணில் பட்ட வெளிச்சம் மேலே ஏறி அங்கே சூடான ஆரஞ்சாக விழும். அதை நீலமாகத் தீட்டிவிட்டால் குதிரை எங்கோ குளிர்தேசத்தில் நிற்பதுபோல ஆகிவிடும்.

வேலை முறையையும் மாற்ற வேண்டும். முதலில் முழுத் தாளுக்கும் வெளிர் நிறம், அதன்மேல் அடுக்கு என்று வகுப்பில் சொல்லித்தரும் முறை இங்கே சரிவராது. உள்ளங்கை அளவு இடத்தை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. நிறத்தைத் தேவையென்று தோன்றுவதைப்போல இரண்டு மடங்கு கலந்து வைத்துக்கொண்டுதான் தாளைத் தொட வேண்டும். நடுவில் கலக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஓரம் காய்ந்திருக்கும்.

பேனாவுக்குப் பிக்மா மைக்ரான் 03 அல்லது 05. கோட்டின் கனம் முறையே 0.35, 0.45 மி.மீ. நிறமி மை, காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. அதைவிட மெல்லிய 005-ஐ இங்கே கொண்டுவர வேண்டாம். சொரசொரத்த தாளும் செம்மண் தூசும் சேர்ந்து அதன் நுனியைத் தின்றுவிடும். மெழுகு பென்சிலோ சன்ஸ்க்ரீன் தடவிய விரலோ பட்ட இடத்தில் மை பிடிக்காது. இது தெரியாமல் பேனாவைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறு. இடைப்பட்ட நேரத்தில் வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்து உருவமே தட்டையாகிவிடும், வரைந்தும் பயனில்லை. தாள்மேல் நேர் வெயில் படக்கூடாது. வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், நிறம் வெளிறித் தெரிந்து மேலே மேலே ஏற்றுவீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இருண்டு கிடக்கும். நிழலில் உட்கார்ந்து வெயிலிலிருப்பதை வரைவதே சரி.

உட்காரும் இடத்திலும் கவனம் வேண்டும். உடைந்து கிடக்கும் குதிரை ஓடு நமக்குச் சில்லு, ஊராருக்கு நேர்த்திக்கடன். அதன்மேல் உட்காருவதும், ஞாபகார்த்தமாகப் பையில் போடுவதும் கூடவே கூடாது. கோயில் காட்டில் ஒரு குச்சிகூட ஒடிக்க மாட்டார்கள். செருப்பை எங்கே கழற்றுவது, பெண்கள் எதுவரை போகலாம், சந்நிதியை வரையலாமா என்பதெல்லாம் கோயிலுக்குக் கோயில் மாறும். பூசாரியிடம் கேட்டுவிட்டால் பெரும்பாலும் அவரே நிழலான இடம் காட்டுவார். சருகு மூடிய புதருக்குள் காலை வைக்குமுன் குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது. மடக்கு ஸ்டூல் ஒன்று இதற்கெல்லாம் தீர்வு. காரைக்குடி போகும் எல்லாப் பேருந்தும் நமணசமுத்திரத்தில் நிற்காது, ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளமங்கலம் வேறு வகைச் சோதனை. பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் தாவும் குதிரை சுமார் 33 அடி உயரம். ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இது சுட்ட மண் அல்ல, வண்ணம் பூசிய கட்டுமானம். கிட்டத்தில் உட்கார்ந்தால் குளம்பு பெரிதாகவும் தலை கடுகாகவும் வரும். உயரத்தைப்போல மூன்று மடங்கு, அதாவது நூறடி தள்ளிப் போனால் விகிதம் சரியாகும். மாசி மகத்தில் நெடிய காகிதப்பூ மாலைகளைச் சார்த்தி, குதிரையே தெரியாதபடி மூடிவிடுவார்கள். அந்தக் காட்சிக்கு இந்தப் பன்னிரண்டு வில்லை போதாது. கண்ணைப் பறிக்கும் அந்த ரோஸுக்கும் மஞ்சளுக்கும் போஸ்டர் கலர்தான் சரி. கூட்டத்தில் வண்ணப் பெட்டியைத் திறக்க இடமும் இருக்காது. பேனாவில் கோடு மட்டும் போட்டு, நிறத்தின் பெயரை ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

திருமயம் கோட்டை, 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது, இந்தப் பெட்டிக்கு அல்வா மாதிரி. பாறையின் சாம்பல் நிறத்துக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் நிறையத் தண்ணீரில். அல்ட்ராமரீன் துகள் சொரசொரத் தாளின் குழிகளில் தங்கி, கல்லின் பொருக்கை அதுவே வரைந்துவிடும்.

கானாடுகாத்தான் வீடுகளிலும் ஆத்தங்குடியிலும் கதை மாறுகிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுவது. தகட்டில் அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பைப் பூவுக்கொரு நிறமாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, கலவை போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். ஆகவே நிறம் கெட்டி, ஓரம் கூர்மை, மேலே பளபளப்பு. காட்மனின் மெல்லிய நிறம் இங்கே சோகையாகத் தெரியும். மூன்று அடுக்கு வைக்க வேண்டும், நல்லவேளையாக வெயிலில் அடுக்குக்கு அடுக்கு காத்திருக்க வேண்டியதில்லை. பச்சைக் கல்லுக்கு அந்த விரிடியன் அப்படியே பொருந்தும். முற்றத்திலிருந்து தரையில் விழும் வெளிச்சக் கோட்டைத் தாளாகவே விட்டுவிட்டால்தான் பளபளப்பு வரும். பட்டறைத் தரை முழுக்கச் சிமென்ட் தூசு, நோட்டைக் கீழே வைக்காதீர்கள். சிமென்ட்டில் ஈரம் பட்டால் இறுகும், பிறகு பிரஷ்ஷை மறந்துவிட வேண்டியதுதான்.

யார் வாங்கலாம்? பேருந்தில் போய், ஒரு தோள்பையோடு வரைகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏ4-க்கு மேல் வரைகிறவர்களுக்கு அரை வில்லை பற்றாது, பிரஷ்ஷின் வயிறு வில்லைக்குள் நுழையாது. ட்யூப்பும் பெரிய தட்டும்தான் அவர்களுக்குச் சரி. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு, ஆறு ட்யூப் வாங்கி அந்த மிச்சக் காசில் பருத்தித் தாள் வாங்கினால் சீக்கிரம் கை வரும். பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரீன், அலிசரின் கிரிம்சன், சாப் கிரீன், ஒரு மஞ்சள். பனைமரம் உட்பட இந்த வழியில் கண்ணில் படுகிறதில் பெரும்பங்கு இந்த ஆறில் அடங்கும். சாப் கிரீனை மட்டும் நேராகப் பூசாதீர்கள். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா தொட்டால்தான் அது நம்மூர்ப் பச்சை.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு இதில் பாதி தலைகீழாகும். வண்ணம் காயாது. கிளிசரினை விட்டுவிடுங்கள், பருத்தித் தாளுக்குப் பதில் கூழ்த் தாளே அப்போது வசதி. ஈரமான பெட்டியை மூடிப் பையில் போட்டால் மூன்றாம் நாள் வில்லைமேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். பூத்துவிட்டால் ஈரத் துணியால் மேல்தோலை வழித்து எறிந்துவிட்டு, தங்குமிடத்தில் இரவு முழுக்க ஃபேன் காற்றில் திறந்து வைக்க வேண்டும்.